மழை விட்டதும் மண்புழு ஏன் மேலே வருகிறது

அந்தக் காலத்தில் பாறையும் பேசும், புழுவும் பேசும். பாறையிடம் மட்டும் ஒரு சங்கடம். இந்த வருஷம் ஒன்று கேட்டால் அடுத்த வருஷம்தான் பதில் வரும். அதனால் அவசரக்காரர்கள் யாரும் பாறையிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பாவாத்தாள் ஒருத்திதான் கொடுப்பாள். அவளுக்கு எதையும் கேட்டுவிட வேண்டும், கேட்காவிட்டால் சோறு இறங்காது.

ஊருக்கு மேற்கே இருந்த பெரிய கரட்டின் சரிவில் அவள் உழுது விதைக்கிற காடு. கரடு என்றதும் இன்று நீங்கள் பார்க்கிற மொட்டைப் பாறைக் குன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று உச்சி வரைக்கும் இடுப்பளவு மண் இருந்தது. அவள் புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளே ஏர் பூட்டி, சாமை விதைத்து, அறுத்து, குத்திப் பொங்கிப்போட்டாள். அந்தக் காட்டை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஒரு வருஷம் அவள் பாறையிடம், "இத்தன மண்ணும் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டு வைத்தாள். மறுவருஷம் பதில் வந்தது.

"எல்லாம் நான்தான். வெயில்ல வெடிச்சேன், மழையில கரைஞ்சேன், பொடியாப் போனேன். மிச்சத்தப் புழுவக் கேளு."

மண்புழு அப்போதெல்லாம் மேலே வருவதே கிடையாது. அதற்கு வேலை அதிகம். பாவாத்தாள் குனிந்து கூப்பிட்டதும் உள்ளே இருந்தபடியே பேசியது.

"பாற குடுத்தது வெறும் பொடி, அம்மிணி. அதுல ஒண்ணும் மொளைக்காது. பொடியையும் சருகையும் நாங்க தின்னு தின்னு வெளிய விட்டோம். அப்பறந்தான் அது மண்ணாச்சு."

"ஒரு வெரல் உசரத்துக்கு எத்தன நாளாகும்?"

"நாளா? நீ, உம்பட மக, அவ மக, இப்பிடிப் பத்துத் தலமொற போகோணும்."

பாவாத்தாள் இடுப்பளவு மண்ணைக் கண்ணால் அளந்து பார்த்தாள். எத்தனை தலைமுறை என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு," என்றது புழு. "சரிவுக்குக் குறுக்கால ஒரு மொழ அகலத்துக்கு அருகம்புல் கெடக்குது பாரு, அத விட்டுரு. அங்க மட்டும் ஏரோட்டாத. அதுதான் மண்ணப் புடிச்சு வெச்சிருக்குது. சத்தியம் பண்ணுனீன்னா நான் நிம்மதியா உள்ளயே இருந்துக்கறேன்."

பாவாத்தாள் மண்ணைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். புழு நம்பியது.

கரட்டுக்குக் கீழே பள்ளத்தில் அவள் தங்கை செல்லக்காளின் காடு. தங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம். உழவு சமயத்தில் ஒருநாள் மேலே ஏறி வந்தவள் அருகம்புல்லைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனக்கா, காட்டுக்கு நடுவால தாடி வளக்கறயா? பாக்கறவங்க சோம்பேறின்னு சொல்லமாட்டாங்களா?"

அந்தப் பக்கத்தில் உழுத காட்டில் புல் கிடந்தால் மானம் போனது மாதிரி. பாவாத்தாளுக்குச் சுருக்கென்றது. அவள் கெட்டவள் இல்லை, ரோஷக்காரி. அன்றைக்கே அருகை வேரோடு பிடுங்கி எறிந்தாள். அதோடு விட்டாளா? எப்போதும் சரிவுக்குக் குறுக்கே உழுகிறவள், தங்கை கீழே இருந்தே பார்க்கட்டும் என்று மாடுகளை உச்சியிலிருந்து நேரே கீழே விட்டாள். ஏர் கீறிய சால் ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. காடு அவ்வளவு சுத்தமாக என்றைக்குமே இருந்ததில்லை.

விதைத்த எட்டாம் நாள் மழை பிடித்தது. சாலெல்லாம் வாய்க்காலானது. சிவப்புத் தண்ணீர் உச்சியிலிருந்து ஓடி இறங்கியது. பாவாத்தாள் நடுக்காட்டில் நின்று, "எம்பட மண்ண எங்க கொண்டு போற?" என்று மழையைக் கேட்டாள்.

"நான் யாரு கையிலிருந்தும் புடுங்கறதில்ல," என்றது மழை. "புடிக்க ஆளில்லாததத்தான் கூட்டிட்டுப் போறேன்."

மூன்றாம் நாள் மழை விட்டபோது மேல்காட்டில் பாறைதான் இருந்தது. கீழ்ப்பாதியில் முழங்கால் அளவு மண் மிச்சம். விதையும் போய்விட்டது. வெறும் பாறைமேல் மண்புழுக்கள் சுருண்டு கிடந்தன, பாதிக்கு உயிரில்லை. அவளோடு பேசிய புழு மட்டும் தலையைத் தூக்கியது.

"சத்தியம் பண்ணுனியே, அம்மிணி."

பாவாத்தாள் அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள். செல்லக்காளின் காட்டில் கணுக்கால் புதையப் புதுமண். தங்கை தலை நிமிரவில்லை. "எடுத்துக்கக்கா. எம்பட வாயாலதான் போச்சு," என்று சொல்லி அவளும் ஒரு கூடையைத் தூக்கினாள். இருவரும் ஏழு நாள் மண் சுமந்தார்கள். எட்டாம் நாள் ஒரு தூறல் போட்டது. சுமந்ததெல்லாம் திரும்பப் பள்ளத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் பாவாத்தாளுக்கு உறைத்தது. மண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு அருகைத் தேடினாள். தங்கையின் காட்டுச் சேற்றில் ஒரு பிடி வேர் அகப்பட்டது. மண் மிச்சமிருந்த இடத்தின் தலைமாட்டில் சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி, மண் அணைத்து, அந்த வேரை நட்டாள். கீழேயும் அதே மாதிரி இரண்டு வரிசை. அடுத்த மழை அங்கெல்லாம் நின்று, மண்ணை இறக்கி வைத்துவிட்டுத் தெளிந்த தண்ணீராகப் போனது. கீழ்ப்பாதி பிழைத்தது. அந்த வருஷம் தங்கை காட்டுச் சாமையில்தான் பிள்ளைகள் வயிறு நிறைந்தது.

புழுவை அந்த வரப்போரம் ஈரத்தில் கொண்டுபோய் விட்டாள். "இனி உன்ற சத்தியம் வேண்டாம்," என்றது அது. "நானே வந்து பாத்துக்கறேன்."

கடைசியாக அவள் பாறையிடம், "மேல மறுபடி எப்ப மண்ணு வரும்?" என்று கேட்டாள். ஒரு வருஷம் காத்திருந்தாள். பதில் வந்தது.

"ஆரம்பிச்சுட்டேன்."

அன்று முதல்தான் கரட்டின் உச்சி மொட்டையாகவும் பள்ளத்துக் காடு செழிப்பாகவும் இருக்கிறது. ஏர் வரப்பில் ஏறாமல் திரும்புகிறது. மழை விட்டதும் மண்புழு மேலே வந்து, தான் செய்தது இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போகிறது.