காற்றில் விழுந்த சொல்

பேச்சித்தாய்க்கு ஐம்பத்தொரு வயது. அவளுடைய குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் பிலோமினா மோத்தா. தூத்துக்குடி துறைமுகச் சாலையில், டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கப்பலுக்குப் போனவர்களின் மனைவிகளுக்கு அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். பேச்சித்தாயின் கணவர் இசக்கிராஜ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பலிலிருந்து எது வந்தாலும் இங்கிலீஷில்தான் வரும். ஒருமுறை கம்பெனியிலிருந்து பேசியபோது அவள் புரியாமலே "யெஸ், யெஸ்" என்று சொல்லி வைத்தாள். என்னத்துக்கு யெஸ் சொன்னோம் என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் இந்த மாடிப்படி ஏறினாள்.

கற்கக் கற்க அவளுக்குப் பயம் கூடியது. தெரியாத சொற்களை நினைத்து அல்ல, தெரிந்த சொற்களை நினைத்து.

"கோன்னா போறது. சரிதான டீச்சர்?"

"சரி."

"லைட் கோஸ் ஆஃப்னா?"

"விளக்கு அணையுது."

"அலாரம் கோஸ் ஆஃப்னா? அலாரம் நிக்குதா?"

"இல்லக்கா. அலாரம் அடிக்குது."

பேச்சித்தாய் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அதே ரெண்டு வார்த்தைதான? ஒண்ணு அணையுது, ஒண்ணு அலறுது. எதை நம்புறது?"

"நம்பாதீங்க. கேளுங்க."

அடுத்த வாரம் குரு பலகையில் இரண்டு வரி எழுதினாள். பாஸ் அவுட். பாஸ் அவே.

"பாஸ் அவுட் எனக்குத் தெரியும்," என்றாள் பேச்சித்தாய். "எங்க அக்கா மவன் போன வருஷம் பாலிடெக்னிக் பாஸ் அவுட்."

"அது நம்ம ஊர்ல. கப்பல்ல சொன்னா மயங்கி விழுந்துட்டார்னு அர்த்தம்."

"பாஸ் அவே?"

"இறந்துட்டார்."

பேச்சித்தாய் இரண்டையும் நோட்டில் எழுதினாள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக எழுத மனம் வரவில்லை. இடையில் ஒரு பக்கத்தை விட்டு எழுதினாள்.

அதற்குப் பதினேழு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, அவள் மாடிப்படியில் ஓடி வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"கேப்டன் வாய்ஸ் அனுப்பியிருக்கார். கேளுங்க. வேண்டாம், கேக்காதீங்க. கேளுங்க டீச்சர்."

குரு அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. குரு போனைக் காதில் வைத்தாள்.

கேப்டன் வெளியே தளத்தில் நின்று பேசியிருக்க வேண்டும். காற்று இரைந்தது. "மிஸஸ் இசக்கிராஜ், யுவர் ஹஸ்பண்ட் பாஸ்டு…" அதோடு ஒரு பெருங்காற்று. பிறகு, "திஸ் மார்னிங், இன் த கிச்சன். ஐ வில் கால் யூ." அவ்வளவுதான்.

"என்ன சொல்லுதார்?"

"காலையில கிச்சன்ல உங்க வீட்டுக்காரருக்கு ஏதோ ஆகியிருக்கு."

"அது எனக்கே புரிஞ்சுது. அவுட்டா, அவேயா?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியலையா?"

"காத்து அடிக்குதுக்கா. அந்த வார்த்தை இதுல இல்ல."

பேச்சித்தாய் போனைப் பிடுங்கி மறுபடி கேட்டாள். அவே என்று கேட்டது. மறுபடி கேட்டாள். அவுட் என்று கேட்டது. அடுத்த முறை இரண்டுமே கேட்டது.

அந்த எண்ணுக்கு அடித்தார்கள். கிடைக்கவில்லை. கம்பெனிக்கு அடித்தார்கள். மணி அடித்து அடித்து நின்றது.

"டீச்சர், அரிசி வச்சிருந்தேன். அடுப்பை அணைச்சேனா?"

"பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுங்க."

பண்ணினாள். அணைத்துத்தான் இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், ஓடிப்போய் அணைக்கவாவது செய்திருக்கலாம்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க காதுல என்ன விழுந்துச்சு? சும்மா ஒரு தோணலாவது?"

"நான் சொன்னா, அடுத்த தடவை உங்க காதுல அதுதான் விழும்."

குரு போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பேச்சித்தாய் நோட்டைத் திறந்தாள். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் விட்ட வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

பன்னிரண்டே காலுக்குப் போன் அடித்தது. நீண்ட வெளிநாட்டு எண்.

"நீங்க எடுங்க," என்றாள் பேச்சித்தாய்.

குரு எடுக்கவில்லை.

"டீச்சர், உங்க கால்ல விழுதேன். எடுங்க!"

"நான் எடுத்தா நீங்க என் முகத்தைத்தான் பார்ப்பீங்க. அதைத் தப்பாப் படிச்சிடுவீங்க. நீங்களே கேளுங்கக்கா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு முறை அடித்தால் நின்றுவிடும். பேச்சித்தாய் எடுத்தாள்.

"ஹலோ, மிஸஸ் இசக்கிராஜ்?"

"சார்." திறந்திருந்த நோட்டைப் பார்த்தாள். "சார், ஐ ஆம் பேச்சித்தாய். ஒன் கொஸ்டின். பாஸ் அவுட்? பாஸ் அவே?"

கடல் தாண்டி அவள் கேள்வி போய்ச் சேரவே நேரமானது.

"அவுட், மேடம்! அவுட், அவுட். ஹி கேம் ரவுண்ட்."

பேச்சித்தாய் குருவைத் திரும்பிப் பார்த்தாள். "ரவுண்டு வந்தாராம். அப்படின்னா?"

"நினைவு வந்துடுச்சு."

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கேப்டன் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கு அவரை "டேக் ஆஃப்" செய்யப்போகிறோம் என்றார். மறுபடியும் ஆஃப். இந்தமுறை அவள் குருவைப் பார்க்கவில்லை.

"டேக் ஆஃப்? சார், வேர்? ஒய்?"

"ஃப்ரம் த ஷிப், மேடம். கொழும்பு. ஹாஸ்பிடல். ஜஸ்ட் செக்கப்."

பிறகு வேறொரு குரல் வந்தது. மெலிந்திருந்தது. "ஏட்டி பேச்சி, ஒண்ணுமில்ல. அடுப்புச் சூடு, கிறுகிறுன்னு வந்துச்சு. நீ எதுக்கு அழுத?"

மூன்று வாரத்தில் இசக்கிராஜ் வீடு வந்து சேர்ந்தார். பிரஷர் என்றார்கள். மாத்திரை கொடுத்து, ஆறு மாதம் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். ராத்திரியில் அவர் புரண்டு படுத்தால்கூடப் பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

வகுப்புக்கு அவள் திரும்பி வந்த நாளில், மற்றவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்தாள். குரு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"மயக்கம்னா மயக்கம்னு சொல்லணும். சாவுன்னா சாவுன்னு சொல்லணும். இவங்க ஏன் எல்லாத்துக்கும் போறது, வர்றது, தாண்டுறதுன்னு பேசுதாங்க? ஒரு வார்த்தை காத்துல விழுந்ததுக்கு நான் ரெண்டு மணி நேரம் செத்துக் கிடந்தேன். நம்ம பாஷையில இப்படிப் பயமுறுத்துவோமா?"

குரு துடைப்பானைத் தட்டிவிட்டு வைத்தாள்.

"உங்க அம்மா இருக்காங்களாக்கா?"

"இல்ல டீச்சர். அம்மா போயி பதினோரு வருஷமாச்சு."

"எங்கே போனாங்க?"