வத்திக்கு நான்காவது பொருள்

"வத்திக்குச்சிக்குள் திரியே கிடையாது. பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறார்கள் அம்மா," என்றார் சிதம்பரதாணு.

மடத்தின் அகராதி வேலை பதினோரு வருஷமாக அவர் பொறுப்பு. வயது அறுபது. குருவான அங்கயற்கண்ணி அம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.



அடுத்த அறையில் டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அகராதி வேலையில் கூட இருந்த குற்றாலிங்கம் மடத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அம்மையின் பாடல்களைக் குற்றாலிங்கம் தன் பெயரில் அச்சுக்குக் கொடுக்கப் பார்க்கிறார் என்று முந்தாநாள் அம்மையின் காதில் போட்டவர் சிதம்பரதாணுதான். இன்று காலை அம்மை விசாரித்தார். "என்னையா கேட்கிறீங்க?" என்றார் குற்றாலிங்கம். வேறு ஒரு வார்த்தை பேசாமல் துணிகளை மடிக்கப் போய்விட்டார்.

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க, புலவரே?" என்று கேட்டார் அம்மை.

சிதம்பரதாணு தாளைப் பிரித்தார்.

"வத்தி. வர்த்தி என்ற வடசொல்லின் திரிபு. ஒன்று, விளக்குத் திரி. இரண்டு, திரி போல் இருப்பது, ஊதுவத்தி, மெழுகுவத்தி. மூன்று, வெடிக்கு நெருப்பு வைக்கும் திரி. திரியைக் கொளுத்தும் குச்சி வத்திக்குச்சி என்பது என் எண்ணம்."

"அவ்வளவுதானா?"

"நான்காவது ஒன்று உண்டு. பேச்சு வழக்கு."

"சொல்லுங்க."

"வத்தி வைத்தல். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கோள் சொல்லி மூட்டிவிடுதல்."

அடுத்த அறையில் பெட்டியின் மூடி விழுந்தது.

"எடுத்துக்காட்டு?"

"இன்னும் எழுதவில்லை."

"இப்ப எழுதுங்க."

சிதம்பரதாணு பேனாவைத் திறந்தார். மூடினார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

குற்றாலிங்கம் பெட்டியோடு வெளியே வந்தார். இவர்கள் இருந்த பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனார்.

"அவர் ஒண்ணும் செய்யலை அம்மா," என்றார் சிதம்பரதாணு. "அகராதி அட்டையில அவர் பேர் முன்னால வந்துருமோன்னு..."

"நான் எடுத்துக்காட்டுதான் கேட்டேன்."

அவர் எழுதினார். ஒரே வரி. தாளை நீட்டினார்.

'சிதம்பரதாணு குற்றாலிங்கத்தைப் பற்றி அம்மையிடம் வத்தி வைத்தான்.'

அம்மை இரண்டு முறை படித்தார்.

"பிழை இல்லை," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஓடுங்க. பஸ் ஏறிட்டாருன்னா, நீங்களும் ஏறி நின்னு சத்தமா வாசிங்க."