மாடக்கண்ணு சொல்லாத இடம்

ஒரு ஊர்ல, பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்த்தாப்புல, மாடக்கண்ணுன்னு ஒருத்தன் சைக்கிள் கடை வச்சிருந்தான். ஊருக்குப் புதுசா யாரு இறங்கினாலும் அவன்கிட்டதான் கேப்பாங்க. இட்லி எங்க நல்லாருக்கும், எங்க குளிக்கலாம், வீட்டுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பஞ்சர் ஒட்டிக்கிட்டே சொல்லுவான். கேக்குறியா? ம் கொட்டு.

அவனுக்கு ஒரு தங்கச்சி, இசக்கின்னு பேரு. அவ தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா. அண்ணனுக்குக் கோவம்னா கோவம், அப்படிக் கோவம். "நானாக் கூப்பிடாம என் வாசப்படிய மிதிக்காத"ன்னுட்டான். அவளும் ரோஷக்காரி, வருஷக்கணக்கா வரவே இல்ல.

அப்புறம் ஒருநாள் காலையில டுர்ர்ருன்னு பஸ் வந்து நின்னுச்சு. யாரு இறங்கினா? இசக்கி! நேரா அவன்கிட்ட வந்து, "அண்ணே, இந்த ஊர்ல இட்லி எங்க நல்லாருக்கும்?"னு கேட்டா. அங்கயே பொறந்து வளந்தவளுக்குத் தெரியாதா, சொல்லு? அவன் வாயால கூப்பிடணும், அதுக்குத்தான். மாடக்கண்ணுக்கும் அது புரிஞ்சுது. "வீட்டுக்கு வா"ங்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. பாழாப்போன வீம்பு விடலையே! லபக்குன்னு முழுங்கிட்டு, "மரகதம் கடைக்குப் போங்க. தேங்காச் சட்னி கேட்டு வாங்குங்க"ன்னான். கூடப்பொறந்தவளைப் பாத்து 'போங்க'ங்கிறான், பாத்தியா!

போனா, வந்தா. "சாப்பிட்டாச்சுண்ணே. இங்க வேற என்ன இருக்கு?"ன்னா. அவன் புஸ் புஸ்ஸுன்னு டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டிருந்தான், தலையைத் தூக்கல. "ஆத்துல படித்துறை இருக்கு. தண்ணி ஜில்லுன்னு இருக்கும். கால் நனைச்சுட்டு வாங்க."

அதுக்கும் போனா. ஈரக்காலோட திரும்பி வந்தா. உச்சி வெயிலு. "இனி எங்கண்ணே போறது?"ன்னு கேக்குறப்போ அவ குரலே உள்ள போயிருச்சு. இப்பவாவது சொல்லித் தொலையேன்டா! அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கடைத்தெருவுல கருப்பட்டி மிட்டாய் சூடாப் போடுவாங்க. வாங்கிக்கிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிருங்க."

இசக்கி கடைத்தெருவுக்குப் போனா. மிட்டாய் வாங்கினா. அந்தப் பொட்டலத்தை அவன் கடை ஸ்டூல்ல வச்சா. பஸ் ஏறிட்டா. டுர்ர்ர்... போயே போயிருச்சு.

ம்?

சாயங்காலம் இட்லிக்கடை மரகதம் வந்தா. "ஏன்யா, உன் தங்கச்சி என் கடையில உக்காரவே மாட்டேன்னுட்டாளே! 'எங்கண்ணன் இப்பக் கூப்பிட்டுருவான், வயித்தை ரொப்பிக்கிட்டு அங்க போனா நல்லாவா இருக்கும்?'னு சொன்னா. என்ன ஆக்கிப் போட்ட அவளுக்கு?"ன்னு கேட்டா.

மாடக்கண்ணு அப்படியே தரையில உக்காந்துட்டான். காலையிலருந்து பட்டினியாவே சுத்தியிருக்கா புள்ள.

அப்புறம் அவ ஊருக்குப் போய்க் கூட்டிட்டு வரலையான்னு கேக்குறியா? எந்த ஊருன்னு கேட்டிருந்தாத்தானே! பஸ்ஸு போற வழியில எத்தனையோ ஊரு. வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் வழி சொன்னவன், "நீ எங்கம்மா இருக்க?"ன்னு அவளை ஒரு வார்த்தை கேக்கலையே.

அவ்ளோதான் தங்கம், கதை ஓஞ்சுது. கண்ணை மூடு.