கைதிகளுக்குக் கஞ்சி

கோட்டையைப் பிடித்ததும் தளபதி மழவராயருக்குத் தலைகால் புரியவில்லை. பிடிபட்ட எதிரி வீரர்களின் கஞ்சியில் நஞ்சைக் கலக்கச் சொன்னார். சமையற்காரி காத்தாயி கஞ்சிப் பானையை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஐயா, கைதியைக் கொல்லக் கூடாதுன்னு போர்முறை இருக்குதுங்களே?”

“அதெல்லாம் வெறும் பேச்சு! களத்துல எவன் பார்க்கிறான்?”

“சரிங்க. அப்படியே சின்னவருக்குக் கருமாதிச் சமையலையும் தொடங்கிடட்டுமா?”

தளபதி வாளை உருவினார். “என்னடி உளறுறே? என் மகன் எதிரிகிட்டக் கைதியாத்தானே இருக்கான்! கைதியை எப்படிக் கொல்லுவாங்க? முறைன்னு ஒண்ணு இல்லையா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சுற்றி நின்ற வீரர்கள் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார்கள். காத்தாயி அகப்பையோடு காத்து நின்றாள்.

“நஞ்சு வேண்டாம்,” என்றார் தளபதி மெதுவாக. “கஞ்சியோட துவையலும் வை. துவையல் இல்லேன்னா என் மகனுக்குக் கஞ்சி இறங்காது.”