எண்ணெய் தேய்த்துக் குளித்த வெல்டிங் மிஷின்

ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கே பலவேசம், அவன் தம்பி சொரிமுத்து, பெரியப்பா மகன் கொம்பையா என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து யோசிக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், பலவேசத்தின் மனைவி பிச்சம்மாள். ஆட்டுக்கொட்டகையின் தகரக் கதவு கீல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாக நாய் புகுந்து இரண்டு குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள கதவை ஒட்டலேன்னா, மிச்ச ஆட்டைப் பத்திக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் பிச்சம்மாள். சொன்னால் செய்கிறவள்.

பக்கத்து ஊர் வெல்டரைக் கூப்பிட்டிருந்தால் கால் மணி நேர வேலை. ஆனால் சொந்தமாக மிஷின் வாங்கி வீட்டிலேயே பட்டறை போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கதவு ஒட்டிக்கொண்டே இருக்கலாம் என்று மூவரும் முடிவு செய்தார்கள். அந்த வீட்டில் இருந்த இரும்புக் கதவு மொத்தம் ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய இரும்புக் கடைக்குப் போய், துருப்பிடித்த மிஷின் ஒன்றைப் பிடித்தார்கள்.

"இது எண்ணெய் மிஷின் தம்பி, எண்ணெய்தான் இதுக்குச் சூட்டைத் தணிக்கும்" என்றார் கடைக்காரர். "ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சு. துருவைச் சொரண்டுங்க. எண்ணெய் குடுங்க. சூடு ஏறாமப் பாத்துக்கங்க. ஒட்டும்போது எங்கயும் சந்து விடாம ஒட்டணும். முக்கியமா, மொகமூடி போடாம வெளிச்சத்தைப் பாக்கவே கூடாது."

இவ்வளவையும் ஒருத்தரே ஞாபகம் வைத்தால் தலை கனக்கும் என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் மிஷினை இறக்கி ஒயரைச் சொருகினார்கள். 'உம்' என்று உறுமியது. துருவைச் சுரண்டினார்கள். கூடவே எண்கள், எழுத்துகள், ஒரு திருகு எல்லாம் சுரண்டிப் போயின. அடுத்து எண்ணெய். அங்கேதான் பெரிய சிக்கல் வந்தது.

"இன்னைக்கு செவ்வாய். பொம்பளைன்னா இன்னைக்கே தேச்சுக் குளிப்பாட்டணும்" என்றான் கொம்பையா. "ஆம்பளைன்னா நாளைக்குப் புதன்கெழமை. நாள் மாறித் தேச்சா சளி பிடிச்சுக்கிடும்."

"வயித்துல பாரம் சொமக்குது. பொம்பளைதான்" என்றான் சொரிமுத்து.

"சுருட்டு மாதிரி பொகை விடுமாம்லா? ஆம்பளைதான்" என்றான் பலவேசம்.

அடுப்படியிலிருந்து பிச்சம்மாள் கேட்டாள்: "காலைல இருந்து உறுமிக்கிட்டு ஒரு வேலையும் செய்யாமத்தான கெடக்கு?"

"ஆமா மதினி" என்றான் கொம்பையா.

"அப்ப ஆம்பளைதான். சந்தேகமே வேண்டாம்."

மூவரும் அவள் அறிவை மெச்சிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை உச்சி முதல் சக்கரம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றினார்கள். சாம்பிராணிப் புகையில் காய வைத்தார்கள். மிளகு ரசம் வைத்தார்கள். மிஷின் குடிக்காததால் அதன் சார்பில் சொரிமுத்து குடித்தான்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாதல்லவா? நன்றாகக் காய்ந்ததும் ஒயரைச் சொருகி, அது உறுமுகிறதா என்று காவல் இருந்தார்கள். மூன்று மணிக்குக் கரண்டு போனது. உறுமல் நின்றது.

"அய்யய்யோ, கண் அசந்துட்டான்!"

உலுக்கினார்கள். தட்டினார்கள். கொம்பையா அதன் காதென்று தான் நம்பிய இடத்தில் வாய் வைத்து ஊர்க்கதையெல்லாம் சொன்னான். கரண்டு வந்து மறுபடியும் உறுமியதும், தன் கதைதான் எழுப்பியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆடுகள் அடைந்தபின் ஒட்ட ஆரம்பித்தார்கள். அந்த மிஷின் அப்போதும் வேலை செய்தது. அதைச் செய்தவர் எந்தக் கம்பெனியில் இருந்தாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மிஷினோடு வந்தது ஒரே ஒரு முகமூடி. அதைப் பலவேசம் போட்டுக்கொண்டான். மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்கள். முகமூடிக் கண்ணாடிக்குள் ஒரே இருட்டு. பலவேசம் அசரவில்லை. கதவைச் சுற்றி விரலால் தடவி, எங்கெல்லாம் சந்து தட்டுப்பட்டதோ அங்கெல்லாம் ஒட்டினான். மேலே, கீழே, இடம், வலம். ஒரு பெட்டி வெல்டிங் ராடும் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிச்சம்மாள் கதவை இழுத்தாள். தள்ளினாள். உள்ளே ஆடுகள் பசியில் கத்தின.

"ஒட்டச் சொன்னியே, ஒட்டிட்டேன்" என்றான் பலவேசம். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஆடு எப்படிய்யா வெளிய வரும்?"

மூவரும் கூடிப் பேசினார்கள். இவ்வளவு பாடுபட்டு ஒட்டிய கதவை உடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடப்பாரையை எடுத்துப் போய்ப் பின்சுவரை முழுசாக இடித்துத் தள்ளினார்கள். பிறகு கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்கள்.

பிச்சம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். இடிந்த சுவர் வழியாக உள்ளே போய், ஆடுகளைப் பத்திக்கொண்டு, வந்த வழியே வெளியேறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவர்கள் வீடெல்லாம் தேடினார்கள். ஆளைக் காணோம். ஆட்டுச் சத்தமும் இல்லை. பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"மதினி கொட்டகைக்குள்ள நுழைஞ்சதைக் கெணத்தடில நின்னு நான் பாத்தேன்" என்றான் சொரிமுத்து.

மூவரும் முன்பக்கம் ஓடினார்கள். கதவை மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தார்கள். ஒட்டு ஒரு இடத்தில்கூட விடவில்லை. பலவேசத்துக்கு உயிர் வந்தது.

"கதவு தெறக்கல. அப்ப உள்ளதான் இருக்கா" என்று சொல்லி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "பிச்சம்மா, கோவத்தை விட்டுட்டு வெளிய வா தாயி. நீ வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

கொம்பையா அவன் தோளைத் தட்டினான். "அவசரப்படுத்தாத அண்ணே. ஒட்டி வச்ச கதவு. மதினி எப்படி உடனே வருவாக?"