காரி துப்பிய புல்

முன்னே ஒரு காலம். வீரம் என்பது கடைவாய்ப் பல்லில்தான் குடியிருக்கிறது என்று ஒரு நாட்டின் தளவாய் கண்டுபிடித்திருந்த காலம். வில்லவராயர் என்று பெயர். சபையில் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஆகவே சபையும் சிரிக்கவில்லை.

பேச்சு காரியைப் பற்றி வந்தது. வெள்ளத்தில் நீந்தி அரசரைக் கரைசேர்த்த பட்டத்துக் குதிரை அது. இப்போது கிழம். புல்லைக் கவ்வும், மெல்லும், மென்றுகொண்டே இருக்கும். கடைசியில் ஈர உருண்டையாகக் கீழே போட்டுவிடும். விலா எலும்பு தெரிந்தது.

"அரண்மனைப் புல்லைத் துப்புகிறது, மகாராஜா! என்ன திமிர்! காட்டில் கொண்டுபோய் விட்டால் புலிக்காவது பயன்படும்," என்றார் வில்லவராயர்.

"பல் தேய்ந்துவிட்டது, தளவாயே," என்றான் அரசவை விகடன் நக்கண்ணன். "கொள்ளுப் பயற்றை ஊறவைத்து, வேகவைத்து, மசித்துக் கொடுத்தால் தின்னும்."

"மசித்தா? அப்படியே மடியில் போட்டுத் தாலாட்டும் பாடேன்!"

சபை இதற்குச் சிரித்தது. அரசருக்கும் அன்று ஏதோ உற்சாகம்.

"மெல்லாத வாய்க்கு அரண்மனையில் தீனி கிடையாது! நாளை முதல் இதுவே ஆணை. நக்கண்ணா, நிறைவேற்றுவது உன் பொறுப்பு."

நக்கண்ணன் குனிந்து வணங்கினான். "உத்தரவு" என்றான்.

மறுநாள் விருந்து. வாழையிலையில் ஆளுக்கொரு பிடி வறட்டுக் கொள்ளு. சோறும் குழம்பும் எட்டாத தூரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தன.

"என்னடா இது?" என்றார் அரசர்.

"தங்கள் ஆணை, மகாராஜா. மெல்லும் வாய் எது, மெல்லாத வாய் எது என்று பார்க்காமல் எப்படிப் பரிமாறுவது? காரியைப் பார்த்தாயிற்று, தோற்றுவிட்டது. மிச்சம் நாம்தான்."

அரசர் ஒரு மணியைக் கடித்துத் தாடையைப் பிடித்துக்கொண்டார். வில்லவராயரின் கடைவாயில் இருந்தவை இரண்டே பல். அவையும் எதிரெதிரே இல்லை. அது அவருக்கு மட்டுமே தெரிந்த அரசாங்க ரகசியம். பிடிக் கொள்ளு முழுவதையும் அப்படியே வாயில் போட்டுக் கம்பீரமாகத் தாடையை அசைத்தார். கொள்ளு கன்னத்துக்குக் கன்னம் உருண்டதே தவிர உடையவில்லை. விழுங்கவும் பயம், தொண்டையில் சிக்கிச் செத்தால் அதை வீரமரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"எப்படி இருக்கிறது, தளவாயே?" என்றார் அரசர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அத்தனையும் இலையில் கொட்டியது.

"திமிர் இல்லை, மகாராஜா," என்றான் நக்கண்ணன் மெதுவாக. "பசிதான். காரியும் இப்படித்தான் கீழே போடுகிறது."

அரசர் இலையைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தன் கையைப் பார்த்தார். வெள்ளத்தில் காரியின் பிடரியைப் பற்றியிருந்த கை. அப்புறம்தான் சிரித்தார், கண்ணில் நீர் வர. ஆணை ரத்தாயிற்று; சோறு வந்தது.

"என்ன வேண்டும், கேளடா!"

நக்கண்ணன் லாயத்துக்கு ஓர் அடுப்பு கேட்டான். அடுப்போடு பட்டுச் சால்வையும் கிடைத்தது.

சாயங்காலம் வில்லவராயர் லாயத்தைச் சோதனையிடப் போனார். சோதனைதான், வேறொன்றுமில்லை. வெந்த கொள்ளு தொட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. மசித்தது போதாது என்று அவருக்குப் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்துகொண்டு குந்தினார். முழுசாய்க் கிடந்த மணிகளைத் தேடித் தேடி விரலால் நசுக்கினார். காரி அவர் கையிலிருந்தே தின்றது. கீழே ஒன்றும் விழவில்லை.

பிறகு ஒரு வாய் தானும் போட்டுக்கொண்டார். கொஞ்சம் உப்புச் சேர்த்திருக்கலாம்.