பன்னிரண்டு சுவிட்ச்

ஆசிரியர் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மாலைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் பரிமளாவிடம் இரண்டையும் தேடி வந்தவர் நிருபர் ஞானமுத்து. பாத்திரக் கடையை மூடிவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் எழுத வந்தவர். ஆசிரியரைவிடப் பத்து வயது மூத்தவர். வந்து எட்டு மாதமாகியும் முதல் பக்கத்தில் தன் செய்தி ஒன்றுகூட வரவில்லையே என்ற குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அன்று ஒரு புகைப்படத்தோடு வந்து நின்றார். ஓர் அரசு அலுவலகம், மதிய உணவு நேரம். நாற்காலிகள் எல்லாம் காலி. மின்விசிறிகள் எல்லாம் காற்றுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. சுவிட்ச் பலகைக்கு அடியில் எழுத்தர் லூர்துமேரி மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கே போடணும் மேடம். அந்தம்மா பேரோட. அப்பத்தான் மத்த ஆபீசுக்கும் உறைக்கும்."

பெயரோடு வந்தால் அந்தம்மாவுக்கு மெமோ நிச்சயம். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது. அதையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார் ஞானமுத்து. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் பக்க ஆசை யாரை விட்டது?

ஏன் அணைக்கவில்லை என்று அந்தம்மாவிடம் கேட்டீர்களா என்றார் பரிமளா. கேட்கவில்லை.

"சரி அண்ணே. எனக்குக் குளிருது. என் தலைக்கு மேல ஓடுற ஃபேனை மட்டும் நிறுத்துங்க."

ஞானமுத்து சுவிட்ச் பலகைக்குப் போனார். பலகையில் பன்னிரண்டு சுவிட்ச், எல்லாம் ஒரே ஜாடை. ஒன்றைத் தட்டினார், பிழை திருத்துபவரின் விளக்கு அணைந்தது. இன்னொன்றைத் தட்டினார், பக்கம் வடிவமைப்பவரின் கணினி உயிரை விட்டது. பாதி வேலை போச்சு என்று அவர் போட்ட சத்தத்தில் ஞானமுத்து கையை எடுத்துக்கொண்டார். ஆசிரியரின் விசிறி நிற்கவேயில்லை.

"ஓடிட்டுப் போகட்டும் மேடம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது.

சாயங்காலமே லூர்துமேரியைத் தேடிப் போய்க் கேட்டார். ஒருமுறை அணைக்கப் போய் அதிகாரியின் கணினியை அணைத்துவிட்டாராம். அன்று வாங்கிய ஏச்சுக்குப் பிறகு சுவிட்ச் பக்கமே கை போவதில்லையாம்.

மறுநாள் பத்திரிகையில் புகைப்படம் வரவில்லை. கடைசிப் பக்கத்தில், கத்தரித்துச் சுவிட்சுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும்படி பெரிய எழுத்தில் துண்டுகள் வந்தன: 'ஜன்னலோர விசிறி', 'நடு விசிறி', 'அதிகாரி கணினி – தொடாதீர்'. வாசகம் எழுதியது ஞானமுத்துதான். ஒரு பிரதியையும் பசையையும் கொடுத்து, போய் ஒட்டிவிட்டு வாருங்கள் என்று அவரையே அனுப்பினார் பரிமளா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார்.

ஒரு வாரம் கழித்து மதிய நேரத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். லூர்துமேரியின் தலைக்கு மேல் ஒரே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, துண்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞானமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் திரும்பி வந்ததும் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டார்.

"எல்லாம் சரி மேடம். என் செய்தி முதல் பக்கத்துல வரலையே."

பரிமளா பிழை திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"முதல் பக்கம் மறுநாளே வடை மடிக்கப் போயிரும் அண்ணே. உங்க செய்தியை அந்த ஆபீசுல தினமும் வாசிச்சிட்டுத்தான் சாப்பிடவே போறாங்க."